நினைவக அட்டைகளும் வேகமும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

கையடக்கத் தொலைபேசிக்கோ கமராவுக்கோ நினைவக அட்டை ஒன்றை வாங்கச் செல்பவர் இன்று ஒரு சிறு எண்கணிதப் பரீட்சைக்கே தோற்ற வேண்டியிருக்கிறது. விரல் நகமளவேயான அந்த அட்டையின் மீது ஒரு வட்டத்துக்குள் 10, ‘யூ’ என்ற ஆங்கில எழுத்தின் வயிற்றுக்குள் 3, அருகே வி30, ஏ2, போதாக்குறைக்கு ஒரு ரோம இலக்கம் என அடையாளங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. விலை கூடிய அட்டையை வாங்கினால் கருவியின் வேகமும் கூடும் என்பது பலரது நம்பிக்கை. அது எவ்வளவு தூரம் சரி என்பதை அறிய, இந்த இலக்கங்கள் வந்து சேர்ந்த வழியை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது.

கதை ஜப்பானில் தொடங்குகிறது. தொஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய புஜியோ மசுவோகா என்ற பொறியியலாளர், மின்சாரம் நின்ற பின்னரும் தகவலை மறக்காத புதிய நினைவகம் ஒன்றை 1984ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற மாநாட்டில் அறிமுகப்படுத்தினார். அதில் உள்ளவற்றை ஒரே வீச்சில் அழிக்க முடிந்தது. அது கமராவின் ஒளிப்பாய்ச்சலை நினைவூட்டியதால் சக ஊழியர் ஒருவர் ‘பிளாஷ்’ என்று பெயர் சொன்னார், பெயர் நிலைத்துவிட்டது. 1987இல் மசுவோகா முன்வைத்த ‘நான்ட்’ எனும் இரண்டாவது வடிவமே இன்று நமது அட்டைகள் அனைத்தினுள்ளும் இருப்பது. கண்டுபிடித்தவருக்குக் கிடைத்தது என்ன? 1994இல் நிறுவனத்தை விட்டு வெளியேறிய அவர், தமக்குரிய பங்கைக் கோரி 2004இல் வழக்குத் தொடுத்தார். கேட்டது 100 கோடி யென். 2006இல் ஏற்பட்ட இணக்கத்தின்படி பெற்றது 8 கோடியே 70 இலட்சம் யென். அந்தக் கண்டுபிடிப்பின் மேல் எழுந்த தொழில்துறையின் பருமனை எண்ணினால் இது சிறு தொகையே.

இந்த நினைவகம் இயங்கும் முறையில்தான் வேகம் பற்றிய குழப்பத்தின் வேரும் இருக்கிறது. நுண்ணிய கலங்களில் இலத்திரன்களைச் சிறைவைப்பதன் மூலமே தகவல் பதியப்படுகிறது. பதிவதும் படிப்பதும் சிறு பக்கங்களாக நடக்கும்; அழிப்பதோ பல பக்கங்களைக் கொண்ட பெருந்தொகுதியாக மட்டுமே நடக்கும். வீட்டில் ஒரு ஓட்டை மாற்றுவதற்கு முழுக் கூரையையும் இறக்குவது போன்ற வேலை இது. ஆகவே நீண்ட ஒளிப்பதிவு ஒன்றைத் தொடர்ச்சியாக எழுதுவதில் வேகம் காட்டும் அட்டை, ஆயிரம் சிறு கோப்புகளை அங்குமிங்குமாக எழுதும்போது திணறிப்போகிறது.

1990களில் அட்டைகள் பல உருவங்களில் வந்தன. சான்டிஸ்க் நிறுவனத்தின் கொம்பக்ட்பிளாஷ் 1994இலும், சோனியின் மெமரி ஸ்டிக் 1998இலும் அறிமுகமாயின. 1999இல் சான்டிஸ்க், மட்சுஷிட்டா, தொஷிபா ஆகிய மூன்றும் கூடி எஸ்டி அட்டையை அறிவித்தன. 2001இல் வந்த பாம் எம்500 போன்ற கையடக்கக் கணினிகள் அதற்கு இடமளித்தன. கைபேசிக்கென இன்னும் சிறிதாக 2004இல் பிறந்த டிரான்ஸ்பிளாஷ், அடுத்த ஆண்டில் மைக்ரோ எஸ்டி என்று பெயர் மாறியது. மற்றைய வடிவங்கள் ஒவ்வொன்றாக ஒதுங்கின.

படச்சுருளும் இருட்டறையும் பத்திரிகை அலுவலகங்களிலிருந்து விடைபெற்ற அந்த ஆண்டுகளில், வேகத்தின் பெறுமதியை முதலில் உணர்ந்தவர்கள் செய்திப் படப்பிடிப்பாளர்கள் என்றே நான் சொல்வேன். தொடர்ச்சியாகச் சில படங்களை எடுத்ததும் கமராவின் தற்காலிக நினைவகம் நிறைந்துவிடும். சிறு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். அது அணையும்வரை அடுத்த படம் இல்லை. ஊர்வலமோ கலவரமோ அதற்காகக் காத்திருப்பதில்லை. அக்காலத்து விளம்பரங்களில் 80 எக்ஸ், 133 எக்ஸ் என்று காணப்பட்டது இறுவட்டின் ஆரம்ப வேகமான விநாடிக்கு 150 கிலோபைட்டின் மடங்குக் கணக்கு. 133 எக்ஸ் என்றால் ஏறத்தாழ 20 மெகாபைட். ஆனால் அது எட்டக்கூடிய உச்சத்தையே சொன்னது. குறைந்தபட்ச உறுதி எதையும் தரவில்லை.

அந்த உறுதியைத் தருவதற்காகவே 2006இல் எஸ்டி சங்கம் வேக வகுப்புகளைக் கொண்டுவந்தது. வட்டத்துக்குள் இருக்கும் 4 என்பது, தொடர்ச்சியாக எழுதும்போது விநாடிக்கு 4 மெகாபைட்டுக்குக் குறையாது என்ற வாக்குறுதி. பின்னர் வந்த யூ3, வி30 இரண்டும் 30 மெகாபைட்டுக்கான வாக்குறுதிகள். விநாடிக்கு 100 மெகாபிட் அளவில் 4கே ஒளிப்பதிவு செய்யும் கமராவுக்குத் தேவைப்படுவது 12.5 மெகாபைட் மட்டுமே என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால், இதற்கு மேற்பட்ட அட்டைக்குக் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு வீண் என்பது புரியும்.

ரோம இலக்கத்தின் பொருள் வேறு. அது அட்டையும் கருவியும் பேசிக்கொள்ளும் பாதையின் அகலத்தைக் குறிப்பது. யூஎச்எஸ் ஒன்று எனும் பாதையின் எல்லை விநாடிக்கு 104 மெகாபைட். 2011இல் அறிவிக்கப்பட்ட யூஎச்எஸ் இரண்டு, இரண்டாவது வரிசைத் தொடுமுனைகளைச் சேர்த்து அதை 312 ஆக்கியது. ஆனால் கருவியில் அந்த இரண்டாவது வரிசை இல்லையென்றால், விலையுயர்ந்த அட்டையும் பழைய வேகத்திலேயே ஓடும். ஒற்றையடிப் பாதையில் எந்த வண்டியும் விரைந்து போவதில்லை.

கைபேசிகளின் தேவை இன்னொரு வகையினது. அன்ட்ரொயிட் 2010இல் செயலிகளை அட்டையில் நிறுவ இடமளித்தது. 2015இல் அட்டையை உள் நினைவகமாகவே பாவிக்கவும் வழி செய்தது. செயலிகள் செய்வது சிறு சிறு வாசிப்புகளும் எழுத்துகளும். அதற்காக 2016இல் ஏ1 தரம் பிறந்தது: விநாடிக்குக் குறைந்தது 1500 வாசிப்புகள், 500 எழுத்துகள். மறு ஆண்டு வந்த ஏ2 தரம் அவற்றை 4000, 2000 என உயர்த்தியது. எனினும் கருவியும் அதற்கேற்ற கட்டளை முறையை அறிந்திருந்தால்தான் ஏ2 முழுப் பயன் தரும். இதற்கிடையில் கைபேசியின் உள் நினைவகம் அட்டையை வெகுதூரம் முந்திவிட்டது. சம்சுங் 2021இல் தனது கலக்ஸி எஸ் வரிசையிலிருந்து அட்டைக்கான இடத்தையே அகற்றியது. மறுபுறம், 2025 ஜூனில் வெளிவந்த நிண்டெண்டோ சுவிட்ச் 2 விளையாட்டுக் கருவி, விளையாட்டுகளைச் சேமிக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் எனும் அதிவேக அட்டையை மட்டுமே ஏற்கிறது. அங்கே வேகமான அட்டை ஆடம்பரமல்ல, நிபந்தனை.

ஆகவே, கருவியின் கையேட்டைப் பார்த்துவிட்டு அட்டையைத் தெரிவு செய்வதே முறை. வேகத்துக்கு முன்னர் நம்பகத்தன்மையைப் பார்க்க வேண்டும் என்பதும் என் கருத்து. உலகெங்கும் சந்தைகளில் போலி அட்டைகள் உலாவுகின்றன. சில கிகாபைட் மட்டுமே கொள்ளும் அட்டை, பெருங்கொள்ளளவு உடையதாகக் கருவிக்குப் பொய் சொல்லும். இடம் முடிந்ததும் முன்னைய படங்களின் மீதே எழுதிவிடும். உரியவருக்குத் தெரியவரும்போது எல்லாம் முடிந்திருக்கும். அசல் அட்டையிலும் சிறைப்பட்ட இலத்திரன்கள் நாளடைவில் கசியும்; ஒவ்வோர் அழிப்பிலும் கலங்கள் தேயும்.

இடப்பெயர்வுகளின்போது குடும்ப அல்பங்களை விட்டுவிட்டு ஓடிவந்தவர்கள் நம்மில் அநேகர். தாய் தந்தையரின் ஒரு படமேனும் கையில் இல்லாத வீடுகள் கொழும்பிலும் உண்டு, ரொறன்ரோவிலும் உண்டு. அவ்வாறான நமக்கு, ஒரு தலைமுறையின் படங்களையெல்லாம் ஒரேயொரு நகமளவு அட்டையில் விட்டுவைப்பது தகாது. படத்தை விரைவாகப் பதிவதற்கு அட்டை. பாதுகாப்பதற்கு வேறு இரண்டு இடங்களில் பிரதிகள். இவற்றுள் இரண்டாவதற்கு வேகம் தேவையில்லை, கவனம் மட்டும் போதும்.