தாபோடிக்குக் கீழே என்ன இருக்கிறது? பாறை மாற சூடு மட்டும் போதாது, தண்ணீரும் வேணும்

பவனா ஆறு முளா ஆற்றோடு சேரும் இடம் புனேயின் தாபோடி. இங்கே கடைக்கால் தோண்டினால் தட்டுப்படுவது பசால்ட். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு அது. சரி, அதற்கும் கீழே?

புனேக்குத் தெற்கே கொய்னா பகுதியில் மத்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 3 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டது. முதல் 1,250 மீட்டர் வரை பசால்ட். அதன் அடியில் வந்தது கிரானைட்டும் நைஸும். 250 கோடி ஆண்டுகளுக்கும் பழசு. நைஸ் என்பது பூமிக்குள் புதைந்து உருமாறிய பாறை.

எப்படி உருமாறுது?

சூடு, அழுத்தம் என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால் திடமான பாறைக்குள் அணுக்கள் இடம் மாறுவது ரொம்ப மெதுவான வேலை. கனிமத் துகள்களுக்கு நடுவே மெல்லிய நீர்ப்படலம் இருந்தால்தான் அது வேகமெடுக்கும். காய்ந்த சிமென்ட் மூட்டை வருடக்கணக்கில் சும்மா கிடக்கும், தண்ணீர் பட்டால் ஒரே நாளில் இறுகிடும் இல்லையா? ஏறக்குறைய அந்தக் கதைதான்.

இதற்கு நம்ம ஊர் சாட்சி பல்லாவரம் மலை. அங்குள்ள கல்லுக்குச் சார்னோக்கைட் என்று 1893-இல் பெயர் வைத்தவர் தாமஸ் ஹாலண்ட். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் அந்த வகைப் பாறை என்பதால் அந்தப் பெயர். 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறியபோது, மைக்கா போன்ற கனிமங்கள் தமக்குள் வைத்திருந்த நீரை இழந்தன. மிஞ்சியது வறண்ட பாறை. பிறகு அது ஆறி மேலே வந்தபோது பழைய கனிமங்களாகத் திரும்பியிருக்கலாம். திரும்ப நீர் இல்லை. அதனால்தான் ஆழத்தில் உருவான அதே கனிமங்களை இன்றும் பல்லாவரத்தில் பார்க்கிறோம். பின்னாளில் விரிசல் வழியே நீர் புகுந்த சார்னோக்கைட்டில் மைக்காவும் ஹார்ன்பிளெண்டும் மறுபடி உருவாகும், எண்ணெய் தடவியது போன்ற அந்தக் கருநிறமும் மங்கிப்போகும்.

கர்நாடகாவின் கப்பால்துர்கா குவாரியில் நைஸுக்குள்ளேயே திட்டுத்திட்டாகச் சார்னோக்கைட் தெரியும். அங்கே நீரை விரட்டியது கார்பன் டை ஆக்சைடா, செறிந்த உப்புநீரா என்று ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக மல்லுக்கட்டுகிறார்கள். எனக்கு இந்தத் துறையிலேயே சுவாரசியமான சண்டை இதுதான்.

இதில் நமக்கு என்ன?

கொய்னா அணையில் 1962-இல் நீர் தேங்கத் தொடங்கியது. 1967 டிசம்பர் 11-இல் 6.3 அளவு நிலநடுக்கம் வந்து, 200 பேர் வரை இறந்தார்கள். அங்கே இன்றும் நடுக்கம் ஓயவில்லை. பெரும்பாலானவை பசால்ட்டுக்கு அடியில், அந்த நைஸில், 10 கிலோமீட்டருக்குள் தொடங்குபவை. இங்கே நீர் செய்வது வேறு வேலை. கனிமத்தை மாற்றுவதைவிட, பழைய பிளவுகளுக்குள் அழுத்தத்தைக் கூட்டி, அவற்றை வழுக்க வைக்கிறது. அணையில் நீர்மட்டம் ஏறி இறங்குவதற்கும் அந்த நடுக்கங்களுக்கும் உள்ள தொடர்பைப் பிளவுகளுக்குப் பக்கத்திலேயே போய் அளக்கத்தான் அந்தத் துளை போடப்பட்டது.