தட்டு எங்கேர்ந்து வந்துச்சு?

இங்கே சியாட்டிலில் வருஷத்துல பாதி நாள் மேகமூட்டம்தான். என்னிக்காவது வானம் வெளுத்தா, தென்கிழக்கே மவுண்ட் ரெய்னியர் பனியோட பளிச்சுனு நிக்கும். "மலை வெளியே வந்துடுச்சு"ன்னு ஊர்க்காரங்க சொல்லுவாங்க. பறக்கும் தட்டுங்கிற சமாச்சாரமே அந்த மலைப் பக்கத்துலதான் ஆரம்பிச்சதுன்னு போன வாரம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். தோண்டத் தோண்ட, கதை நான் நினைச்ச மாதிரி இல்லை. அதான் இந்தப் பதிவு.

1947 ஜூன் 24. கென்னத் ஆர்னால்ட், 32 வயசு, தீயணைப்புச் சாமான் விக்கிற வியாபாரி. சொந்தமா சின்ன விமானம் வெச்சிருந்தார். அன்னிக்கு சிஹேலிஸிலிருந்து யாக்கிமா போகும் வழியில், மலையோரமா கொஞ்சம் சுத்திப் பார்த்தார். காரணம், 1946 டிசம்பரில் ஒரு ராணுவ விமானம் 32 மரைன் வீரர்களோட அங்கே காணாமப் போயிருந்தது. கண்டுபிடிச்சா 5,000 டாலர் பரிசு.

அப்போ கண்ணாடியில் வெயில் பட்ட மாதிரி பளீர்னு ஒரு வெளிச்சம். பார்த்தா ஒன்பது பொருட்கள், வரிசையா தெற்கே பறக்குது. மனுஷன் கடிகாரத்தைப் பார்த்தார். ரெய்னியரிலிருந்து மவுண்ட் ஆடம்ஸ் வரை 1 நிமிஷம் 42 விநாடி. கணக்குப் போட்டா மணிக்கு சுமார் 2,700 கிலோமீட்டர் வருது! தப்பா இருக்குமோன்னு பயந்து அவரே 1,900ன்னு குறைச்சுக்கிட்டார். மனுஷன் ஒலி வேகத்தைத் தாண்டினதே அந்த வருஷம் அக்டோபரில்தான்.

மறுநாள் பெண்டில்டன் ஊர் பத்திரிகை அலுவலகத்தில் விஷயத்தைச் சொன்னார். அங்கேதான் வந்தது வினை. சாசரைத் தண்ணி மேல விட்டெறிஞ்சா தத்தித் தத்திப் போகுமே, அது மாதிரி பறந்துச்சுன்னு, அசைவைத்தான் தான் சொன்னதா ஆர்னால்ட் 1950ல் எட்வர்ட் மர்ரோவின் வானொலிப் பேட்டியில் விளக்கினார். செய்தி நிறுவனம் வழியா நாடு முழுக்கப் போனபோது அது உருவமாயிடுச்சு. தலைப்பு போட்டவங்க "பறக்கும் சாசர்"னு முடிச்சுட்டாங்க. (நம்ம ஊரில் சாசர், தட்டு ஆச்சு. அதனால எனக்கு ரொம்ப நாளா சாப்பாட்டுத் தட்டுதான் மனசுல இருந்துச்சு. யாராவது டபரான்னு மொழிபெயர்த்திருக்கலாம்!)

ஆனா ஆர்னால்ட் விமானப் படைக்கு வரைஞ்சு குடுத்த படம் வட்டமே இல்லை. முன்பக்கம் வளைஞ்சு, பின்பக்கம் கூம்பி, செருப்போட குதிகால் மாதிரி இருக்கும். ஒண்ணு மட்டும் பிறை வடிவம்னு பிறகு சொன்னார். பழியை முழுசா பத்திரிகை மேல போடவும் முடியாது. ரெண்டு நாள் கழிச்சு ரேடியோவில், பாதியா வெட்டின தட்டு மாதிரின்னு அவரே சொல்லியிருக்கார். பாதித் தட்டு முழுத் தட்டாக எவ்வளவு நேரம் ஆகும், சொல்லுங்க!

இனிமேதான் வேடிக்கை. அடுத்த சில வாரத்தில் நாடு முழுக்க நூத்துக்கணக்கான பேர் வானத்தில் தட்டு பார்த்தாங்க. அவர் பார்த்த குதிகால் இல்லை, பத்திரிகை சொன்ன தட்டு. ஜூலை 8ல் ராஸ்வெல் விமானப் படைத் தளமே "பறக்கும் தட்டு கிடைச்சிருக்கு"ன்னு அறிக்கை விட்டுச்சு. கிடைச்சது சோவியத் அணுகுண்டுச் சோதனையை ஒட்டுக்கேட்க ரகசியமா விட்ட மொகல் திட்டத்துப் பலூன்னு 1994ல்தான் விமானப் படை சொன்னது. சுமார் ரெண்டு வாரம் முன்னாடி அந்த வார்த்தை பத்திரிகையில் வரலேன்னா, அந்தக் குப்பைக்கு வேற பேர் வெச்சிருப்பாங்க.

1561ல் நியூரம்பெர்க் மக்கள் வானத்தில் சிலுவையும் உருண்டையும் ஈட்டியும் பார்த்ததா அச்சடிச்ச தாள் இருக்கு. 1897ல் அமெரிக்காக்காரங்க பார்த்தது ஆகாயக் கப்பல். 1946ல் ஸ்வீடனில் ராக்கெட். அந்தந்தக் காலத்துச் சாமான்தான் மேலேயும் தெரியுது. இதை வெச்சு எல்லாரும் புளுகினாங்கன்னு சொல்ல மாட்டேன். அமெரிக்க விமானப் படை 1969 வரை சேர்த்த 12,618 புகார்களில் 701க்கு விடை கிடைக்கலை. ஆர்னால்ட் பார்த்தது கானல், எரிகல், கூழைக்கடாக் கூட்டம்னு ஆளாளுக்குச் சொன்னாங்க. எதுவும் நிரூபணம் ஆகலை. அவர் பொய் சொன்னார்னு எனக்குத் தோணலை. பொய் சொல்ற ஆள் வேகத்தைக் கூட்டித்தானே சொல்லுவான்?

அவர் தேடிப்போன விமானம் என்னாச்சுன்னு கேட்பீங்க. அதுவும் கிடைச்சது, அதே ஜூலை மாசம், ரெய்னியரின் சவுத் தஹோமா பனியாற்றில். ஊரே தட்டுக்காக அண்ணாந்து பார்த்துட்டிருந்த நேரம். பாறையும் பனியும் சரியும் அபாயமான இடம். மீட்கப் போறவங்க உயிருக்கு ஆபத்துன்னு 32 பேரையும் அங்கேயே விட்டுட்டாங்க. இப்பவும் அந்த மலையில்தான் இருக்காங்க. தட்டுக் கதை சொல்றவங்க யாரும் அவங்களைப் பத்திப் பெரிசாச் சொல்றதில்லை. நானும் போன வாரம் வரைக்கும் கேள்விப்பட்டதில்லை.