இரண்டு லயன்கள்

பியரைச் சுவைத்து மதிப்பிடுவது இன்று ஒரு கலையாக, ஏன், ஒரு சாத்திரமாகவே வளர்ந்துவிட்டது. அதற்கு இலக்கணம் வகுத்தவர்களுள் முதன்மையானவர் மைக்கேல் ஜாக்ஸன் என்னும் ஆங்கிலேயர். உலகறிந்த பாடகரை நாம் சொல்லவில்லை. 2007ஆம் ஆண்டில் மறைந்த பத்திரிகையாளர் அவர். உலகத்துப் பியர்களை வகை பிரித்து, அவற்றுள் பெல்ஜிய நாட்டுப் பியர்களை உயர்ந்த பீடத்தில் அமர்த்தியவர். அப்படிப்பட்டவரின் பாராட்டைப் பெற்றவற்றுள் நமது மலைநாட்டுச் சரக்கொன்றும் உண்டு. நுவரெலியாவில் வடிக்கப்பட்ட லயன் ஸ்டவுட் என்னும் கறுப்புப் பியரே அது.

லயன் என்றால் ஆங்கிலத்தில் சிங்கம். நுவரெலியாவிலிருந்து வலப்பனைக்குச் செல்லும் பாதையில் உள்ள ராகலையிலே லயன் என்ற சொல்லுக்கு வேறு பொருள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளை வரிசையாகக் கட்டி, அறைக்கொரு குடும்பத்தை அடைத்து வைத்த வெள்ளைக்காரனின் கட்டிடக் கலைக்கு அங்கே லயன் என்று பெயர். தமிழில் இரண்டும் ஒரே எழுத்தில் அமைந்தது தற்செயலே. ஆயினும் போத்தலின் மேலிருக்கும் லயனுக்கும், மலைச்சரிவில் இருக்கும் லயனுக்கும் இடையேயுள்ள உறவு தற்செயலானதன்று. அவ்வுறவை ஆராய்வதற்கு நாம் முதலில் பெல்ஜியம் வரை போய்வர வேண்டும்.

பெல்ஜிய வகைப் பியரை மதிப்பிடும் முறை அலாதியானது. அகன்ற வாயுடைய கோப்பையில், போத்தலின் அடியில் தங்கியிருக்கும் மதுவ மண்டி கலங்காதபடி மெல்ல ஊற்றுவார்கள். பனிக்கட்டிபோல் குளிர்ந்திருந்தால் மணம் எழாது என்பதால் சிறிது வெதுவெதுப்பேற விடுவார்கள். முதலில் நிறம், அடுத்து நுரையின் அடர்த்தியும், அது வடியும்போது கண்ணாடியில் விட்டுச்செல்லும் சரிகை போன்ற தடமும், பிறகு மணம். கிராம்பும் பழுத்த வாழைப்பழமும் மணக்கும். ஆனால் கிராம்பையோ வாழைப்பழத்தையோ யாரும் அதில் போட்டதில்லை. பார்லியின் வெல்லத்தைத் தின்று மதுசாரமாக்கும் அந்த நுண்ணுயிர், தன் உழைப்பின் உடன்விளைவாக அம்மணங்களையும் ஈன்றுவிடுகிறது. மணத்திற்கு மெய்யான சொந்தக்காரன் மதுவமே. பெயர் மட்டும் முதலாளிக்கு! கரிய வகைகளில் காய்ச்சி இறுகிய சர்க்கரை சேர்ப்பதால் உலர்ந்த திராட்சையின் சாயலும் தோன்றும். வெஸ்ட்மால் மடத்துத் துறவிகள் 1934இல் வடித்த 'திரிப்பெல்' இவ்வகைக்கு உரைகல்லாகக் கருதப்படுவது. அதன் மதுசாரம் நூற்றுக்கு 9.5. இத்தனை வலிமை இருந்தும் நாவிலே கனக்காமல், இறுதியில் வறட்சியாக முடிவதே அதன் சிறப்பென்பர்.

நிறம், நுரை, மணம், கனம், முடிவு என்ற ஐந்திற்கும் மதிப்பெண் இடுகிறார்கள். பியருக்கு ஏன் இத்தனை வலிமை வந்தது என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. விடையோ சுவையானது, அது தொழிலாளர் வரலாற்றுக்குள்ளே கிடக்கிறது.

முதல் உலகப் போருக்கு முந்திய பெல்ஜியத்தில் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவனின் கூலி, ஜெனீவர் என்னும் கடுஞ் சாராயத்திலே கரைந்துகொண்டிருந்தது. சோஷலிஸ்டுகள் இதை வெறும் ஒழுக்கக் கேடாகக் காணவில்லை. வர்க்கப் போராட்டத்திற்கு எதிரியாகவே கண்டார்கள். போர் முடிந்ததும் நீதி அமைச்சரான சோஷலிஸ்டுத் தலைவர் எமில் வண்டர்வெல்ட் 1919ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஒரு சட்டத்தைக் கொணர்ந்தார். பொது இடங்களில் கடும் மது பரிமாறுவது தடுக்கப்பட்டது. கடையில் வாங்குவதானால் ஒரே தடவையில் இரண்டு லீற்றராவது வாங்க வேண்டும் என்பது விதி. வாரக்கூலிக்காரனால் இரண்டு லீற்றர் வாங்க இயலாது என்பதே அதன் சூட்சுமம்! மாளிகைவாசிக்கு இரண்டு லீற்றர் ஒரு பொருட்டல்லவே என்று அன்றே எழுந்த குறையை நாமும் ஒதுக்கிவிட முடியாது. ஒரு சோஷலிஸ்டின் கையால் எழுதப்பட்ட சட்டத்திலும் வர்க்கத்தின் நாற்றம் கொஞ்சம் வீசத்தான் செய்தது.

மதுக்கடையில் சாராயம் மறைந்ததும் அதன் வெற்றிடத்தை நிரப்ப வடிப்போர் பியரின் வலிமையைக் கூட்டினர். இன்று உலகம் மெச்சும் வலிய பெல்ஜியப் பியர்களின் எழுச்சிக்கு இதை ஒரு முக்கிய காரணமாக வரலாற்றாசிரியர் கூறுவர். சட்டம் 1983ஆம் ஆண்டின் இறுதிவரை நிலைத்தது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இச் சட்டம் பிறந்த அதே 1919இல்தான் பெல்ஜியத்தில் ஆடவருக்கு ஆளுக்கொரு வாக்கு என்ற முறையில் முதல் தேர்தல் நடந்தது. அதற்கு முன்னர் சொத்தும் படிப்பும் உள்ளவனுக்கு இரண்டு, மூன்று வாக்குகள் இருந்தன. (பெண்கள் அங்கே 1948 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று, இலங்கைப் பெண்களோ 1931இலேயே வாக்குரிமை பெற்றுவிட்டனர்.) 2016இல் யுனெஸ்கோ பெல்ஜியப் பியர்ப் பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

இனி நுவரெலியாவுக்குத் திரும்புவோம். 1848இல் சாமுவேல் பேக்கர் என்ற செல்வந்த வேட்டைக்காரர் ஆட்களையும் மாடுகளையும் ஆடுகளையும் கப்பலேற்றி வந்து அம்மலையில் ஓர் ஆங்கிலக் கிராமத்தை உண்டாக்க முயன்றார். நுவரெலியாவில் முதற் பியரை வடித்தவர் அவரே என்றும், 1849இலே தொடங்கிவிட்டது என்றும் வழங்கும் கதை ஒருபுறம். லயன் போத்தல்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ஆண்டோ 1881. பேக்கர் 1855இலேயே இலங்கையை விட்டுப் போய்விட்டார். ஆக, கனவான் ஒருவரின் வீட்டு வடிப்பையும் வணிக ஆலையையும் ஒரே வமிசமாக்கும் விளம்பரக்காரரின் ஆர்வத்தை நாம் சற்று எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும்.

பேக்கர் தம் நூலிலே எழுதி வைத்த ஒரு நிகழ்ச்சி மட்டும் நமக்கு மிக உபயோகமானது. அவர் இங்கிலாந்திலிருந்து கூட்டிவந்த குதிரைக்காரன் பெர்க்ஸ் என்பவன், குடிவெறியில் புதிய வண்டியை மலைப்பாதையில் நொறுக்கினான். பின்னர் அதை மீட்க அனுப்பிய யானையையும் வெறியோடு விரட்டி ஓட்டி, அது செத்தே போயிற்று. தோட்டத் துரைமார் நூறாண்டு காலம் 'கூலிகளின் குடிப்பழக்கம்' பற்றி எவ்வளவோ எழுதிக் குவித்தார்கள். நுவரெலியாவின் குடி வரலாற்றில் முதல் அத்தியாயம் ஒரு வெள்ளைக் குதிரைக்காரனுடையது என்பதை அவர்கள் நினைவூட்டுவதில்லை.

ஆலை வளர்ந்தது. மலையருவித் தண்ணீர் ஒன்றே நம்முடையது. பார்லி முளையும் ஹொப்ஸ் பூவும் கடல் கடந்து வந்தன; ஹொப்ஸ் இந்த நாட்டில் விளைவதில்லை. குடிப்பவனும் கடல் கடந்து வந்தவனே. நாடு தெரியாத குளிரில் தன் ஊர்ச் சுவையைத் தேடிய துரைக்காகவே இங்கே பியர் பிறந்தது. 1904இல் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை குறுகிய இருப்புப்பாதை நீண்டது. 1948இல் அது மூடப்பட்டது. தேயிலைப் பெட்டியை இறக்கவும், தோட்டத்துக்கு வேண்டியதை ஏற்றவும் போட்ட பாதை அது. துரை பங்களாவின் குசினிக்கும் லயத்தின் அடுப்புக்கும் அந்த ஒரே ரயில்தான். இறங்கிய சாமான் மட்டும் ஒன்றல்ல.

லயன் ஸ்டவுட்டின் சுவையையும் சொல்லிவிட வேண்டும். அது பெல்ஜிய வகையன்று. ஆங்கில, ஐரிஷ் மரபின் வழிவந்தது. ஆனால் 8.8 மதுசாரம் கொண்ட அதன் வலிமை பெல்ஜிய மடத்துப் பியர்களோடு தோளுரசும். வறுத்த பார்லியின் கசப்பு, கோப்பி, கித்துள் பாணி போன்ற ஓர் அடர்த்தி. சபை ஏறத் தகுதியான சரக்குத்தான். ஆலை 1998இல் கொழும்புக்கு அண்மையிலுள்ள பியகமவுக்கு இறங்கிவிட்டது. இன்று போத்தலில் நுவரெலியாவின் பெயர் வரலாறாக மட்டுமே உள்ளது.

சரி, சிங்கம் பங்களாவுக்குப் போயிற்று. லயத்துக்கு என்ன போயிற்று?

தவறணை போயிற்று. காலனி அரசு சாராய விற்பனை உரிமையைக் குத்தகைக்கு ஏலம் விட்டது. ஏலம் எடுத்த உள்நாட்டார் கோப்பித் தோட்டங்கள் பெருகிய மலைநாட்டிலே பெரும் பணம் பண்ணினர். அந்தப் பணமே காணியாகவும் தோட்டமாகவும் சுரங்கமாகவும் உருமாறி இலங்கையின் முதலாளி வர்க்கத்தைப் பெற்றெடுத்ததைக் குமாரி ஜயவர்தன 2000இல் வெளியான தமது ஆய்வில் விரிவாக நிறுவியுள்ளார். தொழிலாளியின் கூலி கணக்கப்பிள்ளையின் புத்தகத்திலிருந்து தவறணையின் புத்தகத்துக்கு மாறி, அங்கிருந்து அரசாங்கத்தின் வருமானப் புத்தகத்துக்குப் போய்ச்சேர்ந்தது. பெல்ஜியத்தில் மது பற்றிய சட்டத்தைத் தொழிலாளர் கட்சி எழுதிற்று. இங்கே அதை எழுதியது திறைசேரி. 1912இன் கலால் சட்டம் பழைய குத்தகையைக் கலைத்துக் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தனித்தனிக் கடைகளை வகுத்தபோது, ஊர்தோறும் கள்ளுக்கடை வருமென்று மதுவிலக்கு இயக்கம் கொதித்தெழுந்தது. அதில் முன்னணியில் நின்ற இளைஞருள் ஒருவர் டி. எஸ். சேனநாயக்க. பௌத்தக் கிராமத்தின் வீடுகளுக்குள் ஒலித்த அந்த இயக்கத்தின் குரல் லயத்தின் கதவைத் தட்டவில்லை. தோட்டத்துக் குடியைத் தோட்டத்து விவகாரமாகவே அது விட்டுவிட்டது.

கள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. பிரஸ்ஸல்ஸ் நகரை அடுத்த பள்ளத்தாக்கில் 'லம்பிக்' என்றொரு பியர் உண்டு. மதுவம் எதையும் சேர்க்காமல், ஆறவைத்த பார்லிச் சாற்றைத் திறந்து வைத்தால் காற்றிலும் மரப்பீப்பாயிலும் வாழும் நுண்ணுயிர்களே புளிக்கச் செய்துவிடும். ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை பொறுத்திருப்பார்கள். அதன் புளிப்பையும் மண்வாசனையையும் வருணிக்க மேதைகள் சொற்களைத் தேடித் திரிகின்றனர். பாளையிலிருந்து முட்டியில் இறங்கிய கள்ளும் இவ்வாறே யாரும் விதைக்காத நுண்ணுயிரால் தானாகப் புளிப்பதுதான்; மூன்றாண்டு வேண்டாம், சில மணி நேரம் போதும். விஞ்ஞானத்தின் முன் இரண்டும் உடன்பிறப்புகள். ஒன்று மரபுச் செல்வம். மற்றது தவறணைச் சரக்கு. நாவுக்குத் தெரியாத பேதம் இது.

குடியைப் போற்றுவது நமது நோக்கமன்று. சம்பள நாளில் லயத்திலே விழும் அடியை வாங்குபவள் அன்று காலை முழுவதும் மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்தவளே. அதை மறைப்பது முற்போக்காகாது. ஆயினும் தோட்டத் தொழிலாளி ஏன் சுவைத்துக் குடிப்பதில்லை, விழுங்கிக் குடிக்கிறான் என்று கேட்பவருக்குச் சொல்வோம்: அவனுக்கும் ஒரு மதிப்பீட்டு முறை உண்டு. கால்போத்தலுக்குக் கொடுத்த ரூபாவுக்கு எவ்வளவு போதை என்பதே அது. அந்தக் கணக்குக்கும் எட்டாதவன் கசிப்பைத் தேடுகிறான். மணத்துக்கு மதிப்பெண் இட ஓய்வு வேண்டும். ஓய்வுக்குக் கூலி வேண்டும். ஆயிரம் ரூபா நாட்சம்பளம் என்ற நெடுநாட் கோரிக்கை சட்டமாக 2021 ஆயிற்று.

வாக்கின் கதையைச் சொல்லாமல் இதை விட முடியாது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஏழு பிரதிநிதிகளைத் தோட்டத் தொழிலாளர் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். வேறு தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் அவர்களது வாக்குகள் கைகொடுத்தன. அடுத்த ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்கும் பறிபோனது. அப்போது பிரதமர், மதுவிலக்கு இயக்கத்தில் அரசியல் பயின்ற அதே டி. எஸ். சேனநாயக்க. லயத்துக்கு ஒரு வண்டர்வெல்ட் வருவதற்கிருந்த வழி அங்கே அடைபட்டது. தவறணை வேண்டுமா வேண்டாமா என்று கேட்கப்படுவதற்குக்கூட ஒருவன் முதலில் பிரசையாக இருக்க வேண்டுமல்லவா?

இன்று ராகலைத் தேயிலை உடப்புசல்லாவை வலயத்தின் பெயரால் கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. அங்கே சுவைஞர் வெள்ளைக் கிண்ணத்தில் ஆறு நிமிடம் ஊறிய சாற்றை உறிஞ்சி, நாவிலே சுழற்றி, துப்பிவிட்டு, விலைக்கு வழிகாட்டுகிறார். அவருடைய பரிபாஷையில் 'மோல்ற்றி' என்றொரு சொல் உண்டு. பார்லி முளையின் மணம் என்பது பொருள். பியர் ஆலையின் அச்சொல்லைத் தேயிலையும் தன்னதாக்கிக்கொண்டது. அக்கொழுந்தைப் பறித்தவள் அந்த மணத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு போத்தல் வாங்க எண்ணினால்? பெண்களுக்கு மதுபானம் விற்கலாகாது என்று 1979இலிருந்து ஒரு கலால் அறிவித்தல் நின்றது. 2017 நவம்பரில் நிதியமைச்சர் மங்கள சமரவீர தமது வரவுசெலவுத் திட்டத்தில், கடும் மதுவிலிருந்து மக்களை மெல்லிய மதுவுக்குத் திருப்பப் பியரின் வரியைக் குறைத்தார். பெல்ஜியச் சட்டத்தின் தூரத்து எதிரொலி போன்ற ஏற்பாடு. 2018 ஜனவரியில் பெண்கள்மீதான தடையையும் அதே அமைச்சர் நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தைத் திரும்பப் பெறும்படி உத்தரவிட்டார்.