சர்வாதிகாரம் என்னும் சொல்

கண்டிப்பான தந்தையையும், விடுப்புத் தர மறுக்கும் மேலாளரையும் 'சர்வாதிகாரி' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வேலப்பன்சாவடித் தேநீர்க் கடைகளிலும் அச்சொல் தாராளமாகப் புழங்குகிறது. நெருக்கடி நிலைக் காலத்தில் இரயில்கள் நேரத்திற்கு ஓடின என்று பெருமூச்சு விடும் பெரியவர்களும் அங்கே உளர். சொல் மலிந்ததால் அது குறிக்கும் பொருளை மறந்தோமோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இப்பொருளைச் சுட்ட நம்மிடம் மூன்று சொற்கள் உள்ளன. கொடுங்கோன்மை பழஞ்சொல், திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் பெயர். கோல் வளைந்ததென்று அது ஆட்சியின் அநீதியைச் சுட்டுகிறது. எதேச்சாதிகாரம் என்பது மனம்போன போக்கில் செலுத்தும் அதிகாரம். சர்வாதிகாரமோ அதிகாரம் முழுவதும் ஒரு கையில் குவிந்திருக்கும் நிலை. ஆள்பவர் நல்லவராயினும் அப்பெயர் பொருந்தும்.

பண்டை உரோமையில் இது சட்டம் அளித்த பதவியே. ஆபத்துக் காலத்தில் ஒருவரிடம் முழு அதிகாரம் தரப்பட்டது. வழக்கமான எல்லை ஆறு மாதங்கள். கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் அதனை வாழ்நாள் பதவியாக ஏற்றார். எல்லை நீங்கியபோது காவல் ஏற்பாடே அச்சமாயிற்று.

நம் நாட்டில் 1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை வந்ததும் அரசியல் சட்டத்தின் வழியேதான். 1976 சனவரி 31 அன்று தமிழக அரசு கலைக்கப்பட்டது. மிசா சட்டத்தில் கைதானோர் சென்னை மத்திய சிறையில் பட்ட அடிகளைப் பின்னர் நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இவ்வாறு அடைக்கப்பட்டோர் தம் விடுதலைக்காக நீதிமன்றத்தை நாட இயலாதெனத் தீர்ப்பளித்தது. ஐவருள் நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். மறு ஆண்டு, அவருக்குரிய தலைமை நீதிபதி பதவி இளையவருக்குப் போயிற்று, அவர் விலகினார். இரயிலின் நேரந்தவறாமையைப் புகழ்வோர் இக்கணக்கையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

இதனைச் சர்வாதிகாரம் எனலாமா? 1977 மார்ச்சில் தேர்தல் நடந்தது. தோற்ற பிரதமர் பதவி துறந்தார். ஆதலின் எதேச்சாதிகாரம் என்பதே பொருத்தமென்று கருதுகிறோம். ஆயினும் அதிகாரம் தானே கரைந்துவிடும் என்று நம்பியிருத்தல் ஆகாது. 1978-இல் இயற்றிய 44-ஆம் திருத்தம், நெருக்கடியிலும் உயிர்வாழும் உரிமையை நிறுத்தக்கூடாதென வேலியிட்டது. 1976-ஆம் ஆண்டுத் தீர்ப்பை உச்ச நீதிமன்றமே 2017-இல் தவறென்று தள்ளியது.

எனவே அன்பர்களே, ஓர் ஆட்சியைப் பெயரிடுமுன் ஒன்றைக் கேட்போம். நள்ளிரவில் ஒருவரை அழைத்துச் சென்றால், 'ஏன்?' என்று கேட்க அவருடைய தாய் எந்த வாசலுக்குப் போவாள்? அவ்வாசல் திறந்திருக்கிறதா? விடைக்கு ஏற்பச் சொல்லைத் தேர்வோம்.