வன்னியில் ஒரு கணினி, யாழ்ப்பாணத்தில் ஒரு மடிக்கணினி: தூர இருந்து இணையும்போது எங்கே தடைப்படுகிறது?

"தம்பி, கொம்பியூட்டர் தன்பாட்டில பூட்டிப்போட்டுது. ஆரோ உள்ளுக்கை வந்திட்டினம் போல கிடக்கு."

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்காக வன்னியில் இயங்கும் ஒரு சிறிய அலுவலகத்திலிருந்து அந்த அழைப்பு வந்தபோது நான் யாழ்ப்பாணத்தில் இருந்தேன். உள்ளே போனது நான்தான். விண்டோஸின் 'ரிமோட் டெஸ்க்டொப்' வசதியில், சாதாரண விண்டோஸ் கணினி ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் திரையைக் கொடுக்கும். தூரத்திலிருந்து ஒருவர் நுழைந்தால் முன்னால் இருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். பழுதில்லை, அதன் இயல்பே அதுதான். ஆனால் அதை அக்காவுக்கு முதலே சொல்லாமல் விட்டது என் பிழை. எங்கள் ஊர்களில் கணினித் திரை திடீரென்று பூட்டிக்கொண்டால் பயம் வேறு திசையில்தான் போகும்.

அந்தக் கணினியில் இருப்பவை தாய்மார் பொலித்தீன் பைகளில் சுமந்து திரிந்த காகிதங்களின் ஸ்கான் பிரதிகள். பொலிஸ் முறைப்பாடுகள், செஞ்சிலுவைப் படிவங்கள், ஒவ்வோர் ஆணைக்குழுவுக்கும் பிறகு 2018இல் இயங்கத் தொடங்கிய காணாமல்போனோர் அலுவலகத்துக்கும் கொடுத்த விண்ணப்பங்கள். கோப்புகள் அலுவலகத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது குடும்பங்களின் முடிவு. ஆகவே நானும், ரொறன்ரோவில் இருந்து மொழிபெயர்ப்புக்கு உதவும் நண்பரும் தூரத்திலிருந்து அந்தத் திரையில் வேலை செய்கிறோம். அங்கே விண்டோஸ், என்னிடம் உபுண்டு லினக்ஸ், நண்பரிடம் மக். இந்த மூன்றையும் பேச வைப்பதற்குள் நான் கற்றுக்கொண்டதை, இதே நிலையில் உள்ள மற்ற அமைப்புகளுக்காக எழுதுகிறேன்.

முதலில், எதை நிறுவுவதற்கும் முன்பு, அலுவலகக் கணினியில் இருப்பது எந்த விண்டோஸ் என்று பாருங்கள். 'ஹோம்' பதிப்பால் மற்றக் கணினிகளுக்குள் போக முடியும், ஆனால் தன்னுள்ளே யாரையும் இந்த வழியால் ஏற்க முடியாது. 'புரோ' பதிப்பு வேண்டும். இதை அறியாமல் நான் இரண்டு இரவுகளை வீணாக்கினேன். ஹோம் பதிப்புத்தான் இருக்கிறதென்றால் ரஸ்ட்டெஸ்க், எனிடெஸ்க் போன்ற தனிச் செயலிதான் வழி. இவற்றில் அங்கே இருப்பவரின் திரை பூட்டாது, இருவரும் ஒரே திரையைப் பார்க்கலாம். சொல்லிக்கொடுப்பதற்கு அதுவே நல்லது.

இணைப்பு வரவில்லையா? பிழைச் செய்தியைக் கவனமாக வாசியுங்கள். 'மறுக்கப்பட்டது' என்று உடனே வந்தால், பெரும்பாலும் நீங்கள் அந்தக் கணினி வரை போய்விட்டீர்கள், அங்கே கதவு திறக்க ஆளில்லை என்று பொருள். ரிமோட் டெஸ்க்டொப் அணைந்திருக்கும், அல்லது வேறு எண்ணில் இருக்கும். வழமையான கதவு எண் 3389. நீண்ட நேரம் சுற்றிவிட்டு 'நேரம் முடிந்தது' என்று வந்தால் நீங்கள் அங்கே போய்ச் சேரவேயில்லை. கணினி உறக்கத்தில் இருக்கலாம், தீச்சுவர் தடுக்கலாம், முகவரியே பிழையாக இருக்கலாம். இங்கே 'பிங்' போட்டுப் பார்த்துவிட்டுக் கணினி இறந்துவிட்டது என்று முடிவெடுக்க வேண்டாம். பிங்குக்குப் பதில் சொல்லாத விண்டோஸ் கணினிகள் நிறைய உண்டு. லினக்ஸிலும் மக்கிலும் உள்ள நெட்கட் கருவியால் 3389 திறந்திருக்கிறதா என்று நேரே கேட்கலாம்.

எங்கள் அனுபவத்தில் அரைவாசிப் பிரச்சினை உறக்கம்தான். மின்சாரத்தில் இருக்கும்போது உறங்காதபடி அமைத்துவிடுங்கள். மின்வெட்டுக்குப் பிறகு தானாக எழும்புவதற்கு, பயோஸ் அமைப்பில் மின்சாரம் திரும்பியதும் இயங்கு என்ற தெரிவு பல கணினிகளில் உண்டு.

மீதி அரைவாசி முகவரி. 192.168 என்று தொடங்கும் எண் அந்த வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும். யாழ்ப்பாணத்திலிருந்து அதை அடித்துப் பயனில்லை. 4ஜி ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: பெரும்பாலும் ஒரே வெளி முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ரவுட்டரின் பக்கத்தில் தெரியும் வெளி முகவரியும், இணையத்தில் 'என் முகவரி என்ன' என்று கேட்டால் வருவதும் வேறாக இருந்தால், ரவுட்டரில் எந்தக் கதவைத் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது.

அது நல்லதற்குத்தான். ஏனென்றால் அந்த அலுவலகத்தில் முன்பு தரைவழி இணைப்பு இருந்தபோது, ஒரு காலக்கெடுவின் அவசரத்தில் நான் 3389ஐ ரவுட்டரில் திறந்துவிட்டேன். வேலை நடந்தது. அடுத்த நாள் காலை விண்டோஸின் நிகழ்வுப் பதிவைத் திறந்தால் 4625 என்ற எண் பக்கம் பக்கமாக நின்றது. தோல்வியடைந்த நுழைவு முயற்சியின் எண் அது. உலகம் முழுவதும் திறந்த கதவுகளைத் தேடித் திரியும் தானியங்கி நிரல்கள் எங்களையும் கண்டுபிடித்து, கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருந்தன. யாரும் நுழையவில்லை. ஆனால் 2019இல் வெளிவந்த 'புளூகீப்' ஓட்டை, பழைய விண்டோஸ்களுக்குள் கடவுச்சொல்லே இல்லாமல் இதே சேவை வழியாக நுழைய விட்டது. ஆதரவை நிறுத்தி ஐந்து ஆண்டுகளான எக்ஸ்பிக்கும் மைக்ரோசொப்ட் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. அன்று காலையே அந்தக் கதவை மூடினேன்.

இப்போது மூன்று கணினிகளிலும் டெயில்ஸ்கேல் இருக்கிறது. அது வயர்கார்ட் மறையாக்கத்தின் மேல் எங்களுக்குள் மட்டும் ஒரு தனி வலையமைப்பை உண்டாக்குகிறது, ரவுட்டரில் எதையும் திறக்கத் தேவையில்லை. விண்டோஸில் ஒரு விடயத்தை மறக்க வேண்டாம்: ஆள் நுழையாமலே இயங்கு என்ற தெரிவை இயக்காவிட்டால், மின்வெட்டுக்குப் பிறகு யாராவது அலுவலகத்தில் கடவுச்சொல் போடும்வரை கணினியை எட்ட முடியாது.

எட்டிய பிறகும் 'கடவுச்சொல் பிழை' என்று வரலாம். நான்கு இலக்கப் பின் எண் இங்கே வேலை செய்யாது, முழுக் கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல்லே இல்லாத கணக்கை விண்டோஸ் வெளியிலிருந்து உள்ளே விடாது. பல சிறு அலுவலகங்களில் இதுதான் நடக்கிறது.

எதிர்த் திசையில், லினக்ஸ் கணினிக்குள் போகிறவர்களுக்கு வருவது கறுப்புத் திரை. எக்ஸ்ஆர்டிபி நிறுவியிருந்தால், அதே பயனர் அங்கே ஏற்கெனவே நுழைந்திருப்பதே வழமையான காரணம். வெளியேறச் சொல்லுங்கள். உபுண்டு 22.04 முதல் குனோமுக்குள்ளேயே இந்த வசதி இருக்கிறது. இரண்டையும் இயக்கினால் 3389க்கு இரண்டும் அடிபடும். மக்கின் சொந்தத் திரைப் பகிர்வு வேறு மொழி பேசுகிறது, அதன் எண் 5900. மக்கில் ரஸ்ட்டெஸ்க் போட்டால் திரைப்பதிவு, அணுகல்தன்மை என்ற இரண்டு அனுமதிகளையும் கையால் கொடுக்க வேண்டும். இரண்டாவதைக் கொடுக்காவிட்டால் திரை தெரியும், சுட்டி அசையாது. மக்கிலிருந்து விண்டோஸுக்குப் போகும் செயலியின் பெயர் 2024இல் 'விண்டோஸ் அப்' என்று மாறிவிட்டது. பழைய பெயரில் தேடி நண்பர் ஒரு மாலையைத் தொலைத்தார்.

தமிழ் தட்டச்சு தனிக் கதை. என் பக்கத்திலும் தமிழ் விசைப்பலகை, அங்கேயும் தமிழ் விசைப்பலகை என்று இருந்தால் எழுத்துகள் குழம்பும். உங்கள் பக்கத்தை ஆங்கிலத்தில் விட்டு, அங்கே மட்டும் தமிழை இயக்குங்கள். பழைய கோப்புகள் பாமினியில் இருந்தால் அந்த எழுத்துரு உள்ள கணினியில் மட்டுமே தமிழாகத் தெரியும், மற்றதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். யுனிகோடுக்கு மாற்றிய பின் ஒவ்வொரு பெயரையும் மூலக் காகிதத்துடன் ஒப்பிடுங்கள். ஒரு பிள்ளையின் பெயரில் ஓர் எழுத்து மாறினால், அடுத்த விசாரணையில் அந்தத் தாய் அதற்கும் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

எல்லாம் சரிவந்த நாளில் அக்கா கேட்டார்: "நீங்கள் பாக்கேக்கை வேறை ஆரும் பாப்பினமோ?"

வழியில் யாரும் வாசிக்க முடியாது அக்கா என்றேன். ஆனால் எனக்குப் பின்னால் நிற்பவர் பார்க்கலாம். என் மடிக்கணினியை யாராவது கொண்டுபோனால், அதில் கடவுச்சொல் சேமித்திருந்தால், அவர்களும் வரலாம். அன்றே சேமித்ததை அழித்தேன். ரெமினாவில் கிளிப்போர்ட்டையும் கோப்புறைப் பகிர்வையும் நிறுத்தினேன், படம் மட்டும்தான் இந்தப் பக்கம் வருகிறது.

இப்போது கணினிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி இருக்கிறது. நுழைவதற்கு முன் அழைத்து, எந்தக் கோப்பு, எதற்காக என்று சொல்கிறேன். அக்கா திகதியும் நேரமும் எழுதுகிறார். முடிந்ததும் மீண்டும் அழைக்கிறேன். "சரி தம்பி, திரை திறந்திட்டுது" என்று அவர் சொன்ன பிறகே மடிக்கணினியை மூடுகிறேன்.