சென்னை மாநகராட்சியின் அன்றாட நிர்வாகம்

பெருநகர சென்னை மாநகராட்சி என்பது சென்னை நகரின் உள்ளாட்சி அமைப்பு. 426 சதுர கிலோமீட்டர் பரப்பும் 15 மண்டலங்களும் 200 வார்டுகளும் கொண்டது. குப்பை அகற்றுதல், சாலை, மழைநீர் வடிகால், தெருவிளக்கு, பூங்கா, கொசு ஒழிப்பு, மயானம், பிறப்பு இறப்புப் பதிவு, மாநகராட்சிப் பள்ளிகள் ஆகியவை இதன் முதன்மைப் பொறுப்புகள். சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள ரிப்பன் மாளிகையில் தலைமை அலுவலகம் இயங்குகிறது. இந்திய மாநகராட்சிகளில் மிகப் பழமையானது இதுவே.

வரலாறு

இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் ஒப்புதலோடு கிழக்கிந்தியக் கம்பெனி 1687 டிசம்பரில் வழங்கிய சாசனத்தின்படி, 1688 செப்டம்பர் 29 அன்று மதராஸ் மாநகராட்சி செயல்படத் தொடங்கியது. நத்தானியேல் ஹிக்கின்சன் முதல் மேயர். 1909இல் தொடங்கிய ரிப்பன் மாளிகைக் கட்டுமானம் 1913இல் நிறைவடைந்தது. இந்தியாவில் உள்ளாட்சிக்கு வித்திட்ட வைசிராய் ரிப்பன் பிரபுவின் பெயரை அது தாங்கியுள்ளது.

நெடுங்காலம் இந்நகரின் நிர்வாகத்துக்கு அடிப்படையாக இருந்தது 1919ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டம். அதையடுத்து மாநகராட்சித் தலைவரான பிட்டி தியாகராயரின் காலத்தில், 1920இல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மாணவர்களுக்கு மதிய உணவு வழங்கப்பட்டது. இடையில் இல்லாதிருந்த மேயர் பதவி 1933இல் மீண்டும் ஏற்படுத்தப்பட்டு ராஜா சர் முத்தையா செட்டியார் அதில் அமர்ந்தார்.

தினக்கூலித் தொழிலாளர் வருகைப் பதிவேட்டில் போலிப் பெயர்களை எழுதிப் பணம் எடுத்த ‘மஸ்டர் ரோல்’ ஊழலைத் தொடர்ந்து, தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்களைக் கொண்ட மாமன்றம் 1973இல் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996இல்தான் நடந்தது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகும் 2022 வரை தேர்தல் இல்லை. இவ்விரு இடைவெளிகளிலும் கவுன்சிலர்கள் இல்லாமல், அதிகாரிகளைக் கொண்டே நகர நிர்வாகம் நடந்தது. குப்பை லாரிகள் ஓடின, வரி வசூலானது. வார்டு மக்களின் குறைகளை மன்றத்தில் எழுப்பத்தான் ஆள் இல்லை.

அமைப்பு

முடிவெடுப்பது மாமன்றம், செயல்படுத்துவது ஆணையர். மாமன்றத்தின் தலைவர் மேயர். ஆணையர், மாநில அரசு நியமிக்கும் இந்திய ஆட்சிப் பணி அதிகாரி. மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறை பலமுறை மாறியுள்ளது. 1996, 2001, 2011 தேர்தல்களில் மக்கள் நேரடியாக வாக்களித்தனர். 2006இலும் 2022இலும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தனர். 2022 மார்ச்சில் மேயரான ஆர்.பிரியா, தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் ஆகியோருக்குப் பின் இப்பதவிக்கு வந்த மூன்றாவது பெண். முதல் பட்டியலினப் பெண்.

நிர்வாக வசதிக்காக மண்டலங்கள் வடக்கு, மத்தியம், தெற்கு என மூன்று வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரு வட்டாரத் துணை ஆணையரின் பொறுப்பில் உள்ளது. மண்டலத்துக்கு ஒரு மண்டல அலுவலரும் கவுன்சிலர்களிலிருந்து ஒரு மண்டலக் குழுத் தலைவரும் உண்டு. தெருவில் குடியிருப்பவர் நேரில் பார்ப்பது வார்டுப் பொறியாளர், சுகாதார ஆய்வாளர், வரி வசூலிப்பவர் ஆகியோரைத்தான்.

மாமன்றக் கூட்டத்தில் கேள்வி நேரமும் நேரமில்லா நேரமும் உண்டு. அதன் பிறகு தீர்மானங்கள் எடுத்துக்கொள்ளப்படும். குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள், பணிகளுக்கான செலவு, கட்டணங்கள், நிதிநிலை அறிக்கை ஆகியவற்றுக்கு மாமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். பணிகள், கல்வி, பொதுச் சுகாதாரம், நகரமைப்பு, வரிவிதிப்பு மற்றும் நிதி முதலியவற்றுக்கு நிலைக்குழுக்கள் உள்ளன.

அன்றாடப் பணிகள்

குப்பை: நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் சேர்கிறது. பேட்டரி வாகனங்களில் வரும் தூய்மைப் பணியாளர்கள் வீடுவீடாக மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனியே வாங்குகின்றனர். மறுபயன்பாட்டுக்குப் போனது போக எஞ்சியது லாரிகளில் கொடுங்கையூர், பெருங்குடிக் கிடங்குகளுக்குப் போகிறது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டியுள்ள பெருங்குடிக் கிடங்கில், பல ஆண்டுகளாகக் குவிந்த குப்பையைத் தோண்டிச் சலித்து, மண், பிளாஸ்டிக், கல் எனப் பிரித்து நிலத்தை மீட்கும் பணி நடந்துவருகிறது. துப்புரவைத் தனியாரிடம் விடும் நடைமுறை 2000இல் தொடங்கியது. இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களும் தனியாருக்குப் போனதை எதிர்த்து, 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் இரவு பகலாக அமர்ந்து போராடினர்.

சாலை: மாநகராட்சி பராமரிக்கும் பேருந்து வழித்தடச் சாலைகளின் நீளம் சுமார் 387 கிலோமீட்டர், உட்புறச் சாலைகள் 5,200 கிலோமீட்டருக்கும் மேல். தெருவுக்கடியில் போகும் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் குடிநீர் வாரியத்துடையவை. மின் கேபிள் மின்வாரியத்துடையது. இவற்றுக்காகச் சாலையை வெட்ட வேண்டுமானால் மாநகராட்சியின் அனுமதி வேண்டும். வெட்டிய இடத்தைச் சீரமைக்கும் கட்டணத்தையும் கட்ட வேண்டும். பழைய தார் மேலேயே புதுத் தார் ஊற்றிக்கொண்டே போனால் சாலை உயர்ந்து வீட்டு வாசல் பள்ளமாகிவிடும். மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வரும். அதனால் பழைய மேற்பரப்பை ‘மில்லிங்’ இயந்திரத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, அதே மட்டத்தில் புதுச் சாலை போடுவது கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

மழைக்காலம்: வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குமுன் வடிகால்களைத் தூர்வாரியிருக்க வேண்டும். மழை பெய்யும்போது சுரங்கப்பாதைகளிலும் தாழ்வான தெருக்களிலும் மோட்டார் பம்புகள் வைக்கப்படுகின்றன. மாநகராட்சிப் பள்ளிகளும் சமுதாயக் கூடங்களும் நிவாரண மையங்களாகின்றன. வடிகால் மாநகராட்சியுடையது, அது போய்ச் சேரும் அடையாறும் கூவமும் மாநில நீர்வளத் துறையின் பொறுப்பு. ஆற்றில் வெள்ளம் ஏறினால் வடிகால் நீர் வெளியேற வழியிருக்காது. 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலும் இதை உணர்த்தின.

பொதுச் சுகாதாரமும் பதிவும்: கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று தொட்டி, பூந்தொட்டித் தட்டு, மாடியில் கிடக்கும் டயர் ஆகியவற்றில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்கின்றனர். பிறப்பையும் இறப்பையும் 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். குழந்தையின் பெயரைப் பின்னர் சேர்க்கலாம். 12 மாதங்கள் வரை அதற்குக் கட்டணம் இல்லை. 2013இல் தொடங்கிய அம்மா உணவகங்களையும் மாநகராட்சியே நடத்துகிறது.

வருவாய்

சொத்து வரியே மாநகராட்சியின் முதன்மைச் சொந்த வருவாய். கட்டடத்தின் பரப்பு, இருக்கும் தெரு, குடியிருப்பா கடையா என்ற பயன்பாடு ஆகியவற்றைக் கொண்டு கணக்கிட்டு, அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிக்கப்படுகிறது. அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள், அதாவது ஏப்ரலிலோ அக்டோபரிலோ செலுத்தினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. அதன் உச்சவரம்பு 5,000 ரூபாய். தொழில் வரி, தொழில் உரிமக் கட்டணம், முத்திரைத்தாள் தீர்வையில் பங்கு, மாநில நிதி ஆணைய மானியம் ஆகியவை மற்ற வரவுகள்.

அதிகார எல்லையும் புகாரும்

1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பட்டியலிட்டது. அவற்றில் இரண்டு அதற்கு முன்பே சென்னையில் வேறு அமைப்புகளுக்குப் போய்விட்டன. பெருநகரத் திட்டமிடலுக்கு 1970களில் பெருநகர வளர்ச்சிக் குழுமம் ஏற்பட்டது. குடிநீரும் கழிவுநீரும் 1978இல் தனி வாரியத்திடம் போயின. பேருந்தும் போக்குவரத்துக் காவலும் மாநகராட்சியிடம் இல்லை. ஆனால் சாக்கடை பொங்கினாலும் மக்கள் முதலில் கேட்பது வார்டு கவுன்சிலரைத்தான்.

புகார்களைத் தொலைபேசி எண் 1913இலும் கைபேசிச் செயலியிலும் பதியலாம். தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998, இன்று நடைமுறையில் உள்ள சட்டம். 1998இல் இயற்றப்பட்டாலும் 2023 ஏப்ரலில்தான் அது செயலுக்கு வந்தது. வார்டு குழுக்களும் அவற்றுக்குக் கீழே பகுதி சபைகளும் அமைக்க 2022இல் விதிகள் வகுக்கப்பட்டன. சாலை, விளக்கு, வடிகால் போன்ற தேவைகளைத் தெருவாசிகளே எடுத்துச்சொல்ல இச்சபைகள் ஏற்பட்டவை.