கொசுறுப் படங்களின் சரித்திரம் – 9: மதிலோரம் வந்து நின்ற பஸ்

கடைக்குப் போய் ஒரு வீசை கத்தரிக்காய் வாங்குகிறவர், கடைக்காரன் மேலே எடுத்துப் போடும் கறிவேப்பிலைக் கொத்தை நிறுத்துப் பார்ப்பதில்லை. அது சற்று வாடியிருந்தாலும் அதற்காகச் சண்டை பிடிப்பதுமில்லை. 1930-களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்க ஜனங்களின் கையில் காசு வற்றிப்போய்ச் சினிமாக் கொட்டகைகள் காலியாகத் தொடங்கிய சமயம், ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் என்று கொட்டகைக்காரர்கள் ஆசை காட்டியதால் பெருகிய அந்த இரண்டாவது படமும் இந்தக் கறிவேப்பிலையின் ஜாதியைச் சேர்ந்ததே. முதல் படத்தை எடுத்தவருக்கு வசூலில் பங்கு உண்டு. இரண்டாவது படத்துக்கோ, அது நன்றாயிருந்தாலும் இல்லாவிட்டாலும், முன்கூட்டிப் பேசி முடித்த சொற்ப வாடகைதான். வரவு இவ்வளவுதான் என்று நிச்சயமாகிவிட்டபின் செலவும் அதற்குள் அடங்கியாக வேண்டும் அல்லவா? 'பி' படம் என்ற பெயரின் தாத்பரியம் இவ்வளவே.

யூனிவர்ஸல் கம்பெனியார் பிராங்கன்ஸ்டைனின் பூதத்தையும் 1941-இல் வந்த ஓநாய் மனிதனையும் வைத்துக்கொண்டு வியாபாரம் நடத்திய விதத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். ரோமத்தை ஒட்டி, பல்லைக் கட்டி, வேஷம் முழுதும் பூண்டு வந்து நிற்கும் அந்த ராட்சஸர்களின் மீது எனக்கு விரோதம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த வேஷத்துக்குக்கூடப் பணமில்லாத ஒரு மூலையில், வேஷமே வேண்டாம் என்று துணிந்த ஒரு மனிதர் இருந்தார். இந்த வாரம் அவர் கதை.

ஆர்.கே.ஓ. என்ற கம்பெனி அப்போது நொந்துபோயிருந்தது. ஆர்ஸன் வெல்ஸ் என்ற இளைஞரை அழைத்துவந்து, அவர் இஷ்டம்போல் படமெடுக்க அதிகாரமும் கொடுத்து, 1941-இல் 'சிட்டிஸன் கேன்' என்ற அற்புதத்தையும் 1942-இல் 'தி மேக்னிபிஸென்ட் ஆம்பர்ஸன்ஸ்' என்ற இன்னோர் அற்புதத்தையும் அது வெளியிட்டது. இரண்டும் கம்பெனியின் பெட்டியில் ஓட்டையைத்தான் போட்டன. வெல்ஸை ஆதரித்த தலைவர் ஜார்ஜ் ஷேபர் பதவியிலிருந்து இறங்கினார். தயாரிப்பு நிர்வாகம் சார்லஸ் கோர்னர் என்பவர் கைக்கு வந்தது. கொட்டகை நடத்திப் பழகிய மனிதர் அவர். மேதைகள் போதும், இனிமேல் கூட்டம் சேர்க்கும் சாமர்த்தியம் வேண்டும் என்ற பொருள்பட ஒரு கோஷ வாக்கியத்தையே கம்பெனி விளம்பரம் செய்தது. யூனிவர்ஸலின் பூதங்கள் பணம் கொழிப்பதைக் கண்ட கோர்னர், தமக்கும் மலிவாக ஒரு பூதக் கூடம் வேண்டுமென்று தீர்மானித்து, அதற்குத் தலைவராக வால் லூட்டனை அமர்த்தினார்.

லூட்டன் 1904-இல் கருங்கடல் ஓரத்து யால்டாவில் பிறந்தவர்; இயற்பெயர் விளாடிமிர் லெவென்டன். மௌனப்படக் காலத்தில் கொடிகட்டிப் பறந்த அல்லா நாஸிமோவா என்ற நடிகை அவருக்குச் சித்தி. பாலியத்தில் தாயாருடன் அமெரிக்கா வந்து சேர்ந்து, வயிற்றுப்பாட்டுக்காக ஏராளமாக எழுதித் தள்ளி, பிறகு டேவிட் ஸெல்ஸ்னிக் என்ற பெரிய படாதிபதியிடம் கதை இலாகாவில் பல வருஷம் உழைத்தார். தாம் எழுதியவற்றைப் பற்றி அவருக்கு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது. யாரோ ஒருவர் ஆர்.கே.ஓ. அதிகாரிகளிடம், "லூட்டன் பயங்கரமான நாவல்கள் எழுதுகிறவர்" என்று சொல்லிவைக்க, நாவல் மட்டம் என்ற அர்த்தத்தில் சொன்னதை அவர்கள் பேய்க்கதை நாவல் என்று எடுத்துக்கொண்டு உத்தியோகம் கொடுத்துவிட்டார்கள் என்று அவரே வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

உத்தியோகத்துக்கு வாரம் 250 டாலர் சம்பளம், நிபந்தனைகள் மூன்று. படம் 75 நிமிஷத்துக்கு மேல் ஓடக் கூடாது. செலவு 1,50,000 டாலரைத் தாண்டக் கூடாது. படத்தின் பெயரை மேலிடமே வைக்கும். மூன்றாவது நிபந்தனைதான் விசேஷமானது. சுவரொட்டியில் ஒட்டினால் ஜனங்கள் நின்று பார்ப்பார்களா என்று விசாரித்துப் பெயரை முதலில் பொறுக்கிவிடுவார்கள். கதை அப்புறம் முளைக்க வேண்டும். குழந்தை பிறப்பதற்கு முன்பே, ஏன், கல்யாணமே நிச்சயமாவதற்கு முன்பே பெயர்சூட்டு விழா! முதல் பெயராக வந்து விழுந்தது 'கேட் பீப்பிள்', அதாவது பூனை மனிதர்கள். பூனையைக் கண்டாலே லூட்டனுக்கு உடம்பு கூசும் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த விஷயம் கோர்னருக்குத் தெரிந்திருந்தால் பெயரை மாற்றியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. வேறு எந்தத் தயாரிப்பாளரும் இந்தப் பெயருக்கு இவ்வளவு பொருத்தமான கூச்சத்தைக் கொண்டுவந்திருக்க மாட்டார்.

இயக்குநராக ஜாக் டூர்னர் வந்தார். திரைக்கதை டிவிட் போடீன். ஒளிப்பதிவு நிக்கலஸ் முஸுராக்கா. படத்தொகுப்பு மார்க் ராப்ஸன். ரோமம் ஒட்டிய மனிதனைக் காட்டப் பணமுமில்லை, மனமுமில்லை. ஸெர்பியாவிலிருந்து நியூயார்க் நகரத்துக்கு வந்து, உடை மாதிரிகள் வரைந்து ஜீவிக்கும் ஐரீனா என்ற பெண்ணைக் கதைக்கு நடுவில் வைத்தார்கள். தன் கிராமத்துப் பழைய சாபம் தன் ரத்தத்திலும் ஓடுகிறது, ஆசையோ பொறாமையோ மேலிட்டால் தான் சிறுத்தையாகிவிடுவோம் என்று நம்பிக் கணவனையே நெருங்க அஞ்சுகிறவள் அவள். சாபம் மெய்யா, அந்நிய தேசத்தில் தனித்துப்போன ஒரு மனத்தின் பிரமையா என்பதைக் கதை நெடுநேரம் சொல்லாது. பிரெஞ்சு நடிகை ஸிமோன் ஸிமோன் இவளாக வருகிறார். அவள் குடியிருக்கும் வீட்டில் ஒரு கம்பீரமான மாடிப்படி இருக்கிறது. ஏழைப் படத்தில் இவ்வளவு பெரிய மாடிப்படி எப்படி வந்தது என்று ஆச்சரியப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கம்பெனியை நஷ்டத்தில் ஆழ்த்திய வெல்ஸின் 'ஆம்பர்ஸன்ஸ்' படத்துக்குப் பணத்தை இறைத்துக் கட்டிய அதே மாடிப்படிதான் அது. மேதையை அனுப்பிவிட்டார்கள், அவர் ஏறிய படி மட்டும் கொட்டகைக் கொசுறுக்கு உபயோகமாயிற்று.

ஐரீனாவின் கணவனோடு வேலை செய்யும் ஆலிஸ் என்ற பெண், ஓர் இரவு பூங்காவின் மதிலோரமாக வீட்டுக்கு நடந்து போகிறாள். பின்னால் ஐரீனா. பின்னணி இசை கிடையாது. இரண்டு பெண்களின் குதிகால் செருப்புகள் நடைபாதையில் எழுப்பும் ஓசை மட்டும், ஒன்று நிதானமாகவும் ஒன்று சற்று விரைவாகவும், மாறி மாறிக் கேட்கிறது. தெருவிளக்கு ஒன்றின் வெளிச்ச வட்டத்தில் ஆலிஸ் வருகிறாள், இருளில் மறைகிறாள். அதே வட்டத்தில் ஐரீனா வருகிறாள், மறைகிறாள். இப்படிச் சில முறை ஆனபின், ஒரு ஜோடிச் செருப்பின் ஓசை நின்றுவிடுகிறது. ஆலிஸ் திரும்பிப் பார்க்கிறாள், சாலை காலி. நடையை விரைவாக்குகிறாள், ஓடுகிறாள், விளக்குக் கம்பத்தைப் பற்றிக்கொண்டு நிற்கிறாள். மதிலுக்கு மேலே மரக்கிளைகள் அசைகின்றன. ஏதோ ஒரு மிருகம் சீறத் தொடங்குவது போலக் காதில் விழுகிற அந்தக் கணத்தில், திரையின் ஓரத்திலிருந்து குறுக்கே பாய்ந்து வந்து நிற்கிறது ஒரு பஸ். சீறியது அதன் பிரேக்.

எனக்கு இந்தப் படம் அநேகமாக மனப்பாடம். பஸ் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதும் தெரியும். ஆனாலும் ஐந்தாவது முறை பார்த்தபோதும் தூக்கிவாரிப் போட்டது. சினிமாக்காரர்கள் இந்த உத்திக்கே 'பஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் பேய்ப்படங்களில் அலமாரிக் கதவைத் திறந்ததும் வெளியே பாயும் பூனையும், தோளில் திடீரென்று விழும் சிநேகிதனின் கையும் லூட்டனின் பஸ்ஸிலிருந்து இறங்கியவைதாம். இறங்கியவை என்றேனே தவிர, அதன் தரத்தில் உள்ளவை என்று சொல்லவில்லை. பிற்காலத்தார் பஸ்ஸை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு, அதற்கு முன்னால் இருந்த செருப்போசையை விட்டுவிட்டார்கள். அந்த நடையல்லவா பயத்தைச் சிறுகச் சிறுகச் சேமித்து வைத்தது? அதன் பிறகு வரும் காட்சி இன்னும் அழகு: ஈரமண்ணில் மிருகத்தின் பாதச் சுவடுகள் வரிசையாகப் போகின்றன, போகப் போக அவை பெண்ணின் செருப்புச் சுவடுகளாகிவிடுகின்றன. அதற்கு எத்தனை டாலர் செலவாகியிருக்கும்?

நீச்சல் குளத்தில் ஆலிஸ் தனியே அகப்பட்டுக்கொள்ளும் காட்சியில், தண்ணீரின் ஒளி சுவரெல்லாம் நெளிய, அதற்கிடையே ஒரு கறுப்பு நிழல் ஊர்கிறது. விளக்கின் முன் தம் கைமுஷ்டியை அசைத்தே அந்த நிழலை உண்டாக்கியதாக டூர்னர் பிற்காலத்தில் சொன்னார். மேலதிகாரி ஒருவர் மட்டும், சிறுத்தையைக் கண்ணில் காட்டாமல் படமா என்று பிடிவாதம் செய்யவே, ஓரிடத்தில் நிஜமான மிருகத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதையும் மேஜைகளுக்கு அடியில், பாதி இருட்டில் நிறுத்தி, அந்த அதிகாரியின் உத்தரவை நிறைவேற்றிய மாதிரியும் நிறைவேற்றாத மாதிரியும் ஒப்பேற்றினார்கள். 1942 டிசம்பரில் வெளியான படம் கம்பெனிக்குப் பெரும் லாபத்தைக் கொண்டுவந்தது.

அடுத்து வந்து விழுந்த பெயர் 'ஐ வாக்ட் வித் எ ஸோம்பி'. பிணத்தோடு நடந்தேன் என்ற இந்தப் பத்திரிகைத் தலைப்பைக் கையில் வைத்துக்கொண்டு லூட்டன் என்ன செய்தார் தெரியுமா? 'ஜேன் ஐர்' நாவலின் கதையை மேற்கிந்தியத் தீவு ஒன்றுக்குக் குடிபெயர்த்தார். நோயாளியைக் கவனிக்க வரும் தாதி, நடக்கும் ஆனால் உணராத எஜமானி, கரும்புக் காட்டினூடே அவர்கள் இரவில் போகும் பிரயாணம், நாற்சந்தியில் கண் இமைக்காமல் நிற்கும் காவலாள். அந்த வீட்டுத் தோட்டத்தில் இருப்பதோ அடிமைக் கப்பலின் முகப்பிலிருந்து பெயர்த்துக்கொண்டுவந்த மரச்சிலை; அந்தத் தீவு ஜனங்கள் குழந்தை பிறந்தால் அழுவார்கள் என்று படம் சொல்கிறது. டிரினிடாடைச் சேர்ந்த ஸர் லான்ஸலாட் என்ற பாடகர் தெருவில் நின்று கலிப்ஸோ மெட்டில் எஜமானர் குடும்பத்து ரகசியத்தையே பாட்டாகப் பாடுவார். 1943-இல், கொசுறுப் படத்தில், அடிமை வியாபாரத்தின் துக்கத்தை இவ்வளவு நிதானமாகப் பேசியதைக் கம்பெனியில் யாரும் கவனிக்கவில்லை. கவனிக்காத இடத்தில் வேலை செய்வதிலும் ஒரு சௌகரியம் உண்டு.

அதே வருஷத்து 'தி லெப்பர்ட் மேன்' முழுப்படமாக அவ்வளவு கட்டுக்கோப்பானதல்ல. ஆனால் அதில் ஒரு பத்து நிமிஷத்துக்கு ஈடாக அக்காலப் பேய்ப்படம் எதையும் நான் சொல்ல மாட்டேன். நியூ மெக்ஸிகோவில் ஒரு சிற்றூர். சிறுத்தை ஒன்று தப்பி அலைகிறது. தகப்பனுக்கு ரொட்டி சுடச் சோளமாவு வாங்கிவரும்படி ஒரு தாய் தன் மகளை இரவில் அனுப்புகிறாள். போக மாட்டேன், பயமாயிருக்கிறது என்கிறவளை வெளியே தள்ளிக் கதவைத் தாழிடுகிறாள். தம்பி கைவிரல்களால் சுவரில் சிறுத்தை நிழல் காட்டிப் பரிகாசம் செய்கிறான். பக்கத்துக் கடை மூடிவிட்டது. வறண்ட ஓடையைக் கடந்து, ரயில் பாலத்தின் அடியில் நுழைந்து போக வேண்டும். (மேலே திடீரென்று ரயில் போகிறது; அதுதான் இந்தப் படத்தின் பஸ்.) திரும்பி ஓடிவந்து கதவைத் தட்டும் மகளின் குரலைப் பாசாங்கு என்று நினைத்துத் தாய் சற்றுத் தாமதிக்கிறாள். குரல் மாறியதும் பதறித் தாழ்ப்பாளை இழுக்கிறாள், தாழ்ப்பாள் இறுகிக்கொள்கிறது. வெளியே நடப்பது நமக்குக் கேட்க மட்டும் கேட்கிறது. பிறகு கதவின் கீழ் இடுக்கால் ரத்தம் மெல்ல உள்ளே வருகிறது.

இங்கே பயமுறுத்துவது சிறுத்தையென்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், தாழ்ப்பாள்தான் பயமுறுத்துகிறது. பிள்ளைகள் வேலைக்குச் சோம்பி முரண்டு பிடிக்கும்போது கோபித்துக்கொள்ளாத தாய் எந்த ஊரில் இருக்கிறாள்? லூட்டனின் மனிதர்களுக்கு மாவு வாங்க வேண்டியிருக்கிறது, ஆபீஸ் இருக்கிறது, கடைசி பஸ் இருக்கிறது. காட்டாமல் விட்டதுதான் அவருடைய வித்தை என்று சினிமா விமரிசகர்கள் வழக்கமாக எழுதுவதில் பாதிதான் நியாயம். அவர் காட்டிய பாதியையும், அதாவது அந்தச் சமையலறையையும் அந்த மாவுப் பொட்டலத்தையும், கணக்கில் சேர்க்க வேண்டும்.

மற்றப் படங்களை விரைவாகவே சொல்லிவிடலாம். 'தி செவன்த் விக்டிம்' மூலம் ராப்ஸனை இயக்குநராக்கினார். 'தி கோஸ்ட் ஷிப்' கதைத் திருட்டு வழக்கொன்றில் சிக்கிப் பல பத்தாண்டுகள் திரைக்கு வராமல் கிடந்தது. 'பூனை மனிதர்களின் சாபம்' என்று மேலிடம் கேட்ட தொடர்ச்சிக்கு, தனிமையில் வாடும் ஒரு சிறுமி கற்பனைத் தோழி ஒருத்தியைக் கண்டுபிடிக்கும் மென்மையான கதையைக் கொடுத்தார். சாபமும் இல்லை, பூனையும் சொற்பம். அதை ஆரம்பித்தவர் மெதுவாக எடுத்ததால் பாதியில் மாற்றி, படத்தொகுப்பாளராயிருந்த ராபர்ட் வைஸிடம் ஒப்படைத்தார்கள். 1945-இன் 'தி பாடி ஸ்னாட்சர்' போரிஸ் கார்லாஃபின் மிகச் சிறந்த நடிப்புகளில் ஒன்று. ஸ்டீவன்ஸன் கதையைத் தழுவிய அதற்கும், கடைசியாக 1946-இல் வந்த 'பெட்லம்' படத்துக்கும் லூட்டன் கார்லோஸ் கீத் என்ற புனைபெயரில் கையெழுத்திட்டார். மற்றவற்றின் திரைக்கதைகளையும் கடைசி முறை தாமே திருத்தி எழுதியவர் அவர்தான். ஆனால் பெயர் போட்டுக்கொள்ளவில்லை. பேய்ப்படங்கள் மொத்தம் 9.

அவரை ஒரு மாதிரி புரிந்துகொண்டு விட்டுவைத்திருந்த கோர்னர் 1946-இல் காலமானார். பெரிய படம் எடுக்க வேண்டுமென்ற ஆசையுடன் வேறு கம்பெனிகளுக்குப் போன லூட்டனுக்கு, பெரிய பணமும் பெரிய நடிகர்களும் பழைய சுதந்திரத்தைக் கொடுக்கவில்லை. 1951 மார்ச்சில், 46 வயதில், மாரடைப்பால் இறந்தார். அவரிடம் தொழில் கற்ற ராபர்ட் வைஸ் 'வெஸ்ட் ஸைட் ஸ்டோரி', 'தி ஸவுண்ட் ஆஃப் மியூஸிக்' என்ற படங்களுக்காக ஆஸ்கர் பரிசுகள் வாங்கியதைப் பார்க்க அவர் இல்லை. அவர் போன மறு வருஷம் வெளியான 'தி பேட் அண்ட் தி பியூட்டிஃபுல்' என்ற படத்தில் ஒரு காட்சி வரும்: பூனைப் பேய்ப்படம் எடுக்க நியமிக்கப்பட்ட தயாரிப்பாளர், சகிக்க முடியாத பூனை வேஷ உடைகளைப் பார்த்து முகம் சுளித்து, அறையின் விளக்கை அணைத்துவிட்டு, இருட்டைப் பற்றிப் பேசத் தொடங்குவார். யாரை மனத்தில் வைத்து எழுதிய காட்சி என்று கேட்க வேண்டியதில்லை.

அதே 1952-இல், வேஷத்தை மறைக்கவே மறைக்காத ஒரு கூட்டுத் தயாரிப்பும் வந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸாரும் அமெரிக்காவின் லிப்பர்ட் கம்பெனியாரும் சேர்ந்து, ராட் கேமரான், ஸீஸர் ரோமெரோ, மேரி விண்ட்ஸர் ஆகியோரை நம் ஊர்ப் பக்கம் அழைத்துவந்து எடுத்த 'தி ஜங்கிள்' என்ற படம் அது, தமிழில் 'காடு'. ஆதிகாலத்து ரோமம் அடர்ந்த யானைகள் தேவைப்பட்ட இடத்தில், நிஜ யானைகளுக்கு மயிர்ப் போர்வை போர்த்தி விட்டார்கள். அந்த யானைகளை அடுத்த வாரம் சந்திப்போம்.